ஏலக்காய் இல்லாத பாயசம்

கரடிச்சோலை எஸ்டேட்டின் ஏழாம் நம்பர் காட்டுத் தேயிலைக் கொழுந்தில் அரைத்த தூளைப் பாலும் சீனியும் சேர்க்காமல் கொதிக்கவைத்தால், எந்த அடுப்பில் கொதிக்கிறதோ அந்த அடுப்பில் அடுத்து என்ன இனிப்பு ஆக்கப்போகிறார்களோ, அந்த இனிப்பின் ருசி அந்தக் கட்டன் டீயில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது ஆடி மழை விட்ட மூன்றாம் நாள் காலையில் தெரியவந்தது. முதலில் கண்டது தொழிலாளர் குடியிருப்பின் மூன்றாம் லைன் பேச்சித்தாய். ஒரு மடக்குக் குடித்தாள், கேசரி ருசித்தது, சீனி டப்பாவைத் திறந்துவிட்டாள் என்று மகளை ஏசினாள், மகள் அம்மன் மேல் சத்தியம் செய்தாள், அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லாமல் கொள்ளாமல் பொள்ளாச்சியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் பெண் பார்க்க வந்து இறங்க, பேச்சித்தாய் ரவையை வறுத்து அவசரக் கேசரி கிண்டினாள். கிண்டியதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தவள் வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அதே நெய், அதே அடிப்பிடித்த வாசம்.

ஏன், எப்படி என்று யாரும் ரொம்பக் கேட்டுக்கொள்ளவில்லை. மலையில் யானை வரும், அட்டை கடிக்கும், மாதம் அரைக் கிலோ கொடுக்கும் தூளில் இனிப்பு வரும். வந்துவிட்டால் அதற்குத் தக்கபடி இருந்துகொள்ள வேண்டியதுதான். அதிரசம் ருசித்த வீட்டார் தீபாவளி வரை தங்கள் வீட்டில் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை என்று காலை நீட்டிப் படுத்தார்கள். லட்டு ருசித்த வீட்டார் மாப்பிள்ளை வீடு தேடி வரும் என்று தரகரை விரட்டிவிட்டார்கள். ஒரு வீட்டில் ஜிலேபி வந்தது. அந்த வீட்டில் ஜிலேபி சுடத் தெரிந்த ஆள் கிடையாது. யார் வந்து சுடப்போகிறார்கள் என்று லைனே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, மகன் கோயம்புத்தூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மிட்டாய்க் கடைக்காரர் மகளோடு வந்து இறங்கினான்.

மேனேஜர் துரை மட்டும் நம்பவில்லை. ஆபீஸில் கொதிக்கவைத்துக் குடித்துப் பார்த்தார், டீயாகத்தான் இருந்தது. கொச்சியிலிருந்து தேயிலையை ஏலம் எடுக்க வந்த வியாபாரிகளும் அங்கேயே குடித்துவிட்டு, நல்ல நிறம், நல்ல கடுப்பு என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஆபீஸ் அடுப்பில் எவன் இனிப்பு ஆக்கினான், அவர்களுக்கு ருசிக்க?

வில்லங்கம் பாயசத்தில் வந்தது.

கரடிச்சோலையில் காது குத்தானாலும் கல்யாணமானாலும் பதினாறாம் நாள் கருமாதியானாலும் இலையில் விழுவது ஒரே வெல்லப் பாயசம்தான். ஒரே ஒரு வித்தியாசம். கருமாதிப் பாயசத்தில் ஏலக்காய் போடமாட்டார்கள். ஏலம் அந்த மலையில் மர நிழலில் தானாக முளைத்துக் கிடக்கும், பெண்கள் எல்லார் மடியிலும் நாலு காய் இருக்கும், குழம்பில்கூடத் தட்டிப் போடுவார்கள். இருந்தும் கருமாதிக்குப் போடமாட்டார்கள். போட்டால் செத்தவர் அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டே வீடு திரும்பிவிடுவார் என்பது அவர்கள் தாத்தன் காலத்திலிருந்து வரும் பயம். ஆக, டீயில் பாயசம் ருசித்தால் அதில் ஏலக்காய் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. டீயின் கடுப்புக்கு அடியில் அந்த வாசத்தைத் தேடிப் பிடிக்கிற நாக்கு சாதாரண நாக்கு அல்ல. எஸ்டேட்டில் அது ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது.

அவர் பேர் சங்கையா. ஃபேக்டரி டீமேக்கர். முப்பத்தொரு வருஷமாகக் காலை ஒன்பது மணிக்கு வரிசையாக வைத்த வெள்ளைக் கிண்ணங்களின் முன்னால் நின்று, கரண்டியில் மொண்டு, சுர்ரென்று இழுத்து, வாய்க்குள் உருட்டி, தொட்டியில் துப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை சொல்வது அவர் வேலை. இரண்டாவது வார்த்தையை அவரிடமிருந்து வாங்க முடியாது. பெண்சாதி செத்த அன்றுகூட, துக்கம் கேட்க வந்தவர்களிடம் “ஆமா” என்றுதான் சொன்னார்.

அவரிடம்தான் வந்தார்கள். சங்கு ஊதி ஃபேக்டரி விட்டதும் வாசல் பெஞ்சில் அவர் உட்கார, பாயசம் ருசித்த வீட்டார் டீயை மூடிக் கொண்டுவந்து நீட்ட, அவர் வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றச் சொல்லி, ஒரு இழுப்பு இழுத்துத் துப்பிவிட்டு, “இருக்கு” என்பார். அவர்கள் தேங்காய் உடைக்க ஓடுவார்கள். சில நாள் “இல்ல” என்பார். அவர்கள் அங்கே அழமாட்டார்கள். மிச்ச டீயைச் சிந்தாமல் எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து போவார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் நாலு முறை இல்ல என்றார், நாலு வீட்டிலும் சாவு விழுந்தது. அதற்குப் பிறகு அவர் எதிரே வந்தால் ஜனங்கள் செருப்பில் என்னவோ ஒட்டிக்கொண்டதுபோலக் குனிந்துகொண்டார்கள்.

ஏய்க்கப் பார்த்தவர்களும் உண்டு. லாரி டிரைவர் கருத்தபாண்டிக்கு இல்ல என்று சொன்ன அன்றே அவன், அடுத்த இனிப்பு என்றுதானே கணக்கு, வேறொன்றைச் செய்து தள்ளிவிடுவோம் என்று கேசரி கிண்டினான். எவ்வளவு சீனி கொட்டினாலும் அது உப்புமாவாகவே நின்றது. சரி, அந்தப் பாயசத்தையே காய்ச்சித் தொலைப்போம் என்று கதவைச் சாத்திக்கொண்டு ஏலக்காய் இல்லாமல் காய்ச்சிப் புருஷனும் பெண்சாதியுமாகக் குடித்துப் பார்த்தார்கள். மறுபடி டீ போட்டால் மறுபடி அதே ருசி. பேர் சொல்லாத கருமாதியை யார் கருமாதி என்று ஒத்துக்கொள்வார்கள்? எட்டாம் நாள் அவன் அம்மா போனாள்.

இந்த மூன்று மாதமும் சங்கையா வீட்டு அடுப்பில் டீ ஏறவில்லை. தன் பங்குத் தூளைப் பேச்சித்தாய்க்குக் கொடுத்துவிட்டு வெந்நீர் குடித்தார். காரணம் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் அவர் மகள் மாரிக்கனி பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் பிள்ளை ஐந்தாம் மாதம் கலைந்தது, இரண்டாவது பிறந்து அழவே இல்லை, மூன்றாவதுக்கு இப்போது கால் வீங்கி, முகம் வீங்கி, ரத்தக் கொதிப்பு ஏறிக் கிடக்க, மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா, இந்தத் தடவை பிள்ளையை மட்டுமல்ல, தாயையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி, பத்து நாள் முன்கூட்டியே வந்து படுக்கச் சொல்லியிருந்தாள். அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சங்கையா சவரம் செய்துகொண்டிருந்தபோது, மாரிக்கனி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வெள்ளைக் கிண்ணத்தை வைத்தாள். ஆவி பறந்தது. தூள் பேச்சித்தாய் வீட்டிலிருந்து வாங்கியது என்றாள்.

“கொட்டு” என்றார்.

“குடிச்சிட்டேம்ப்பா. பாயசம். மேக்கொண்டு எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க.”

“ஃபேக்டரிக்கு நேரமாச்சு.”

“ஊருக்கெல்லாம் சொல்றீங்க. பெத்த மகளுக்குச் சொல்ல மாட்டீங்களா?”

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவர் கிண்ணத்தை எடுத்தார். இழுத்தார். வெல்லம் வந்தது, பச்சரிசி வந்தது, பருப்பு வந்தது, அதற்குப் பின்னால் வர வேண்டியதற்காக அவர் நாக்கைக் குழித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒருவன் மலைப்பாதையில் கடைசி பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தார். சோப்பு நுரை காய்ந்து இழுத்தது. வரவில்லை. வாசலில் துப்பிவிட்டு, “இருக்கு” என்றார்.

மாரிக்கனி அவரையே பார்த்தாள். “மத்தவங்களுக்குச் சொல்லும்போது இவ்வளவு நேரம் ஆகாதேப்பா” என்றாள். கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள்.

அன்று ஃபேக்டரியில் அவர் பதினெட்டுக் கிண்ணம் ருசி பார்த்தார், ஒன்றும் நாக்கில் ஏறவில்லை. மனம் ஒன்றையே சுற்றிக்கொண்டிருந்தது. பிறந்த பிள்ளைக்குப் பதினாறாம் நாள் கிடையாது. அப்படியானால் பெரிய ஆளுக்குத்தான். அந்த அடுப்பைச் சேர்ந்த பெரிய ஆட்கள் இரண்டே பேர். ஒன்று அவர், இல்லையென்றால் அவள். தானாக இருந்தால் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஐம்பத்தொன்பது வயசு, போதும். ஆனால் டீ ருசி சொல்லுமே தவிரப் பேர் சொல்லாது. பேரை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று பதினெட்டாம் கிண்ணத்தில் அவருக்குத் தோன்றியது. கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நேரே மாரியம்மன் கோயில் தலைவர் உத்தண்டு வீட்டுக்கு நடந்தார்.

உத்தண்டு அவர் பெண்சாதியின் அண்ணன். எஸ்டேட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் கை பட்டுத்தான் நடக்கும். கத்தரிக்காய்ச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவரிடம் சங்கையா நின்றபடியே, ஞாயிற்றுக்கிழமை என் கருமாதி, நீங்கதான் முன்னால் நின்று நடத்தணும் என்றார். உத்தண்டு மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“குடிச்சிருக்கியா மாப்ள?”

“இல்ல.”

“உசுரோட இருக்கறவனுக்கு நான் கருமாதி செஞ்சா, அந்தப் பாவம் யார் தலையில விழும்?”

“உங்க தங்கச்சிக்கு நீங்கதான் செஞ்சீங்க. எனக்கும் நீங்கதான் செய்யணும். கொஞ்சம் முன்னாடி செஞ்சிருங்க.”

அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை வந்து உத்தண்டு கேட்டதில்லை. அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது. தங்கை மகள் மாரிக்கனிக்கா என்று கேட்கவும் பயந்து, மண்ணைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் லைன் முழுக்கக் கூடியது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சாவு விழாத வீட்டில் சாவுச் சோறு தின்றால் தின்றவன் வீட்டுக்கு அது வரும் என்றார்கள். செய்யாமல் விட்டு அந்தப் பெண் போய்விட்டால் அது மட்டும் நம்மைச் சும்மா விடுமா என்றார்கள். யூனியன் செயலாளர், இதற்குத் துக்க விடுமுறை உண்டா, கேட்டால் துரைக்கு என்ன சான்று காட்டுவது என்று நியாயமாகவே கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு உத்தண்டு சொன்ன கட்டளை ஒன்றுதான்: செய்வதென்றால் முழுசாகச் செய்வோம், பாதிக் கருமாதி ஆகாது, அதற்குப் பிறகு சங்கையா இந்த ஊர்க் கணக்கில் செத்தவர், எந்த நல்ல காரியத்திலும் அவர் கை படக்கூடாது, அது நடக்கும் இடத்தில் வாசலைத் தாண்டி உள்ளே வந்து நிற்கக்கூடாது, கோயில் வரி கிடையாது, கோயில் மரியாதையும் கிடையாது. சம்மதமா என்றார். சங்கையா தலையாட்டினார். கருத்தபாண்டி எழுந்து, செத்தவர் தலையாட்டக் கூடாது என்றான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சில பேர் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுசாகத்தான் செய்தார்கள். வாசலில் பச்சைத் தென்னங்கீற்றுப் பந்தல். ஃபேக்டரி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு வைத்தார்கள். படத்தில் அவர் முறைத்துக்கொண்டிருந்தார். திருப்பூரிலிருந்து ஓடிவந்த மருமகன் முனீஸ்வரனை உட்காரவைத்து உத்தண்டு தலைப்பாகை கட்ட, அவன் மாமனார் எங்கே என்று கண்ணால் தேடினான். மாமனார் வீட்டுக்குப் பின்னால் விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். செத்தவன் பந்தியில் இருக்க முடியாது அல்லவா. அங்கே உட்கார்ந்தபடி, முன்பக்கம் தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டார். கடுகடுத்த மனுஷன்தான், ஆனால் பொய் சொல்லத் தெரியாது என்றார்கள். தூள் நன்றாக வந்த அன்று யாரும் பார்க்காதபோது இயந்திரத்தைத் தட்டிக்கொடுப்பார் என்றார்கள். பெண்சாதி சீக்காய்க் கிடந்த மாதம் அவர்தான் அவள் தலை சீவிப் பின்னிவிட்டார் என்று பேச்சித்தாய் சொல்லி அழுதாள். அதெல்லாம் எவன் பார்த்தது என்று அவருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. எழுந்துபோய் ஒரு அதட்டு அதட்டலாம். முடியாது.

பாயசம் உள்ளே அந்த வீட்டு அடுப்பிலேயே காய்ந்தது. சமையலுக்கு நின்ற பெண்கள் எல்லாரையும் மடியிலிருந்த ஏலக்காயை வெளியே முறத்தில் கொட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். வெல்லம் கரைந்து அரிசி மலர்ந்து இறக்கப்போகும் நேரத்தில் பேச்சித்தாய் ஒரு சத்தம் போட்டாள். அவள் கை, நாற்பது வருஷப் பழக்கத்தில், முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பாத்திரத்தின் மேல் உதறி முடித்திருந்தது. முடிச்சில் காய் இருந்ததா, முன்பே கொட்டிவிட்டாளா, அவளுக்கே நினைவில்லை. விழுந்திருந்தால் நாலு மணி நேரமாக நடந்ததெல்லாம் பாழ். பாத்திரத்தைக் கொட்டிவிட்டு மறுபடி காய்ச்ச வெல்லமும் இல்லை, அந்திக்குள் முடிக்க நேரமும் இல்லை. உத்தண்டு கரண்டியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்து விறகுக் கட்டின் முன்னால் நீட்டினார். தன் கருமாதிப் பாயசத்தைத் தானே ருசி பார்த்த ஆள் அந்த மலையில் அவர் ஒருவர்தான். வாய்க்குள் உருட்டினார்.

“இல்ல” என்றார்.

அந்த வார்த்தைக்கு அந்த ஊர் சந்தோஷப்பட்டது அன்று மட்டும்தான்.

ஐந்து பந்தி போனது. பயந்தவர்கள்கூட வந்து உட்கார்ந்து, சங்கையா பேரை வாய்விட்டுச் சொல்லி, இலையில் ஊற்றியதை வழித்துக் குடித்தார்கள். கடைசி இலை எடுத்ததும் அடுப்பைக் கழுவி, சாணி தெளித்து, புதுத் தண்ணீர் வைத்து, மாரிக்கனியே தன் கையால் தூள் போட்டாள். எச்சில் கை காயக் காத்திருந்தார்கள், யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கிண்ணத்தை அவளே பின்பக்கம் கொண்டுவந்தாள். சூடான டீ விரலில் சிந்தியதையும் அவள் கவனிக்கவில்லை.

அவர் இழுத்தார்.

ஒன்றுமில்லை. வெல்லம் இல்லை, பால் இல்லை, நெய் இல்லை, பருப்பு இல்லை. டீயின் கடுப்புகூட இல்லை. வெறும் தண்ணீரில் எங்கோ ஓர் ஓரத்தில் ஒரு மெல்லிய தித்திப்பு, இருக்கிறதோ இல்லையோ என்பதுபோல. மாயம் தீர்ந்துவிட்டதோ, எல்லாரையும் வைத்துக் கூத்தாடியதற்குத் தூள் கோபித்துக்கொண்டதோ என்று அவருக்குத் தோன்றியது. இரண்டாம் முறை இழுத்தார். மூன்றாம் முறை இழுத்தார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கிண்ணத்தை அவர் மூன்று முறை பார்த்ததில்லை.

“என்னப்பா?” என்றாள் மாரிக்கனி.

“ஒண்ணும் புரியல. சும்மா… சீனித் தண்ணி.”

அவருக்குப் புரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குப் புரிந்தது. பேச்சித்தாய் நெஞ்சில் கை வைத்தாள். பிள்ளை பிறந்ததும் அதன் நாக்கில் முதல் முதலாகத் தொட்டு வைக்கும் சேனைத் தண்ணியை, பிள்ளை எங்கே பிறந்தாலும், தாய்வீட்டு அடுப்பில் காய்ச்சிச் சின்னப் பாட்டிலில் கொண்டுபோவது அவர்கள் வழக்கம். வெந்நீரும் ஒரு சிட்டிகைச் சீனியும். வேறொன்றும் அதில் கிடையாது. சாவு வீட்டில் குலவை போடக் கூடாது என்பது தெரிந்தும் பேச்சித்தாய் குலவை போட்டாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று அந்தப் பெண்கள் போட்ட குலவையில் பந்தல் கீற்று அதிர்ந்தது. உத்தண்டு ஒருவர்தான் அதட்டவும் இல்லை, சேரவும் இல்லை, துண்டால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். மாரிக்கனி விறகுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அப்பா பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

மூன்றாம் வாரம் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனார்கள். ஒரு பகல் முழுக்க ஒரு தகவலும் இல்லை. ரத்தம் வேண்டும் என்றார்கள், முனீஸ்வரன் கொடுத்தான், இன்னும் வேண்டும் என்றார்கள், கருத்தபாண்டி லாரியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தான். டீ சொன்னது பிள்ளைக்குச் சேனை வைப்பார்கள் என்பதைத்தான், தாய் இருப்பாள் என்பதை அது சொல்லவில்லை என்று சங்கையாவுக்கு அந்த நீளமான வராந்தாவில்தான் உறைத்தது. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை முதலிலிருந்து கடைசி வரை நூறு முறை படித்தார். விளக்கேற்றும் நேரத்துக்கு நர்ஸ் வந்து, பெண் பிள்ளை, தாய் கண் திறந்துவிட்டாள் என்றாள்.

எல்லாரும் உள்ளே போனார்கள். சங்கையா கதவு நிலைக்கு வெளியே நின்றுகொண்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, அவராகவே நின்றுகொண்டார். கட்டிலில் மாரிக்கனி வெளுத்துப்போய், உதடு வெடித்து, ஆனாலும் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் துணிச் சுருட்டில் ஒரு சின்ன முகம், இப்போதே கடுகடுவென்று. உத்தண்டு மடியிலிருந்து சேனைத் தண்ணிப் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்து விரலை நனைத்தவர், அப்படியே நின்றார். தங்கை இருந்தால் அவள் வைத்திருப்பாள். அவள் இல்லையென்றால் அவள் புருஷன். அவரைத்தான் தன் கையாலேயே இல்லாமல் ஆக்கியாயிற்று. திரும்பி, வாசலைப் பார்த்தார்.

“மாப்ள” என்றார். “காய்ச்சினது நான். ஆம்பளைக் கை. சீனி கூடிருச்சோ குறைஞ்சிருச்சோ தெரியல. ஒரு வாட்டி நீ பாத்துச் சொல்லிட்டா…”

சங்கையா நிலையைத் தாண்டவில்லை. பேத்தியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

“அதெல்லாம் அன்னைக்கே பாத்தாச்சு” என்றார். “சரியாத்தான் இருக்கு. வையுங்க.”